கரு வருவதற்கு முன்னரே

கடந்த ஆனி மாதத்தில், திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கைக்கு இரண்டாவது முறையாகக் கரு கலைந்தது. நாள் தள்ளிப்போய் எட்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியவில்லை. அதைப் பார்த்த மருத்துவர், "கர்ப்பப்பை கொஞ்சம் வீக்கா இருக்கும்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார். அந்த வரி அவளோடு வீட்டுக்கு வந்து பல வாரங்கள் போகாமல் இருந்தது. அவளுடைய மாமியார் கடிந்து பேசுகிறவர் அல்லர். மருமகளோடு சேர்ந்து அழுதவர். ஆனாலும் அவர் மனம் காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. "பப்பாளி எதுவும் தின்னியா தாயி? அன்னைக்கு மாடிப்படியில விறுவிறுன்னு ஏறுனியே, அதுவா இருக்குமோ?" என்று நாளுக்கொன்றாகக் கேட்டார். தங்கையும் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொல்லி, கடைசியில் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே நம்பத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போயிருந்தபோது அவள் கேட்டாள்: "அக்கா, நீ இதைத்தானே காலேஜ்ல சொல்லிக்குடுக்குற. வீக்குன்னா என்னக்கா? உள்ள என்னதான் நடக்குது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் 18 ஆண்டுகளாக நான் விலங்கியல் கற்பிக்கிறேன். கருத்தரித்தல் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். விந்தணு, அண்டம், கருமுட்டை, அது பிளவுற்று உருவாகும் கருக்கோளம் என்று விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்து, "பின்னர் கருக்கோளம் கருப்பையின் உட்சுவரில் பதிகிறது" என்னும் ஒரே வாக்கியத்தில் தாயின் பங்கை முடித்துவிடுவேன். அந்த வாக்கியத்தில் வேலை எல்லாம் கருவுடையது. கருப்பை வெறும் சுவர். என் தங்கையின் கேள்வி அந்தச் சுவரைப் பற்றியது. அன்று அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதையும், பிறகு பல இரவுகள் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் கருப்பைத் திசுவின் நுண் சீவல்கள் கொண்ட பழைய ஸ்லைடுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று மாதச் சுழற்சியின் முற்பாதியில் எடுக்கப்பட்டது. மற்றது பிற்பாதியின் கடைசி நாட்களில் எடுக்கப்பட்டது. முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தால், சுரப்பிகளுக்கு இடையே உள்ள ஸ்ட்ரோமா என்னும் பகுதி முழுவதும், இரு முனையும் கூர்த்த மெல்லிய செல்கள் நெருக்கமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். செல்லில் பெரும்பகுதி உட்கருதான். அதுவும் ஊதாச் சாயம் ஏறி நீண்டு கிடக்கும். இரண்டாவது ஸ்லைடில் சுருள் தமனிகளை ஒட்டிய இடங்களைத் தேடிப் பார்த்தால் அதே செல்கள் அடையாளம் தெரியாதபடி மாறியிருக்கும். உடல் பருத்து, பல கோணங்களுடன், வெளிர் இளஞ்சிவப்பாக, நடுவே வட்டமான உட்கருவுடன், ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்திருக்கும். தமனியைச் சுற்றி முதலில் இரண்டு மூன்று வரிசைகளாகத் தோன்றும் இந்த மாற்றம் நாளடைவில் மேற்பரப்பை நோக்கிப் பரவும். டெசிடுவா மாற்றம் என்று இதற்குப் பெயர். டெசிடுவா என்னும் லத்தீன் சொல்லுக்கு உதிர்ந்துபோவது என்று பொருள்.

அந்த இரண்டாவது ஸ்லைடுக்குரிய பெண் கருவுற்றிருக்கவில்லை என்பதை நான் மாணவிகளிடம் அழுத்திச் சொன்னதே இல்லை. சுண்டெலியின் கருப்பையில் கரு வந்து தொட்ட பிறகுதான் இந்த மாற்றம் தொடங்குகிறது. மனிதரிலோ கரு வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் கருப்பை தானாகவே இந்த ஆயத்தத்தைத் தொடங்கிவிடுகிறது. கரு வராத மாதத்தில் ஆயத்தப்பட்ட படலம் முழுவதும் கழிந்துபோகிறது, அதுவே மாதவிடாய். பாலூட்டிகளில் மனிதர், குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, ஒருவகை முள் சுண்டெலி என்று மிகச் சிலவற்றுக்கே மாதவிடாய் வருவதற்கும் இந்தத் தன்னியல்பான ஆயத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. வீட்டுக்கு விலக்கு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட அந்த மூன்று நாட்களுக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

ஒல்லியான செல் எப்படிப் பருத்த செல்லாகிறது? அதன் மரபணுக்கள் மாறுவதில்லை. கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் கருப்பையின் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது; புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 20,000. எந்த நேரத்தில் எவற்றைப் படிப்பது, எவற்றைப் படிக்காமல் மூடிவைப்பது என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு. இதைத்தான் மரபணு ஒழுங்குமுறை என்கிறோம்.

தங்கைக்கு இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது கள்ளந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாய்மாமாவின் வயல். சிறு வயதில் விடுமுறைக்கு இருவரும் அங்கே போவோம். பேரணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பெரியாறு கால்வாய் வழியாக ஓடிவந்து, கிளை வாய்க்கால்களில் பிரிந்து, எல்லா வயல்களின் ஓரமாகவும் போகும். ஆனால் எந்த வயலில் மடை திறந்திருக்கிறதோ அந்த வயலில்தான் பாயும். மாமா மண்வெட்டியால் வரப்பில் இரண்டு கொத்து கொத்தி மடையைத் திறப்பார். வயல் நிறைந்ததும் வைக்கோலைச் சுருட்டி வைத்து, சேற்றை அள்ளி அப்பி, காலால் மிதித்து அடைப்பார். அண்டம் வெளியேறிய பிறகு சூலகத்தில் எஞ்சும் கார்பஸ் லூட்டியம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனும் இப்படித்தான் இரத்தத்தில் உடல் முழுவதும் ஓடுகிறது. மூளைக்கும் போகிறது, மார்பகத்துக்கும் போகிறது, எலும்புக்கும் போகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்னும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல்தான் அதைப் பெற்றுக்கொள்கிறது. பெற்றுக்கொண்ட பிறகும், டிஎன்ஏவில் எந்த இடங்கள் திறந்திருக்கின்றனவோ அங்கேதான் அந்த ஏற்பி போய் அமர முடியும்.

திறப்பதும் அடைப்பதும் டிஎன்ஏவில் எப்படி நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் நூற்கண்டுபோலச் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன்களின்மேல் அசிட்டைல் போன்ற சில வேதிக்குறிகள் ஏறினால் சுற்று தளர்ந்து, அந்தப் பகுதியைப் படிக்க முடிகிறது. சிலவகை மெத்தைல் குறிகள் ஏறினால் சுற்று இறுகி, மாமா மிதித்த மடைபோல அடைபட்டுவிடுகிறது. ஸ்ட்ரோமா செல் டெசிடுவா செல்லாக மாறும்போது ஆயிரக்கணக்கான இடங்களில் இந்தத் திறப்பும் அடைப்பும் நிகழ்கின்றன. புரோஜெஸ்டிரோனும், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறும் சேர்ந்து இதை நடத்துகின்றன. இந்த இரண்டையும் கலந்து கொடுத்தால், ஆய்வகத் தட்டில் வளரும் ஸ்ட்ரோமா செல்களும் சில நாட்களில் உருண்டு திரண்டு டெசிடுவா செல்களாகிவிடும். கருப்பைக்கு வெளியே, கருவும் இல்லாமல், வெறும் தட்டில் அவை அப்படி மாறும் படங்களை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் நெடுநேரம் கணினியை அணைக்கவில்லை.

புரோஜெஸ்டிரோன் இல்லாமல் கர்ப்பம் நிலைக்காது என்பது பழைய செய்தி. ஜார்ஜ் கார்னரும் வில்லார்டு ஆலனும் 1929இல் சூலகம் அகற்றப்பட்ட முயல்களுக்குக் கார்பஸ் லூட்டியத்தின் சாற்றைக் கொடுத்துக் கர்ப்பத்தைக் காத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்தபின் யாரிடம் என்ன சொல்கிறது என்பது அண்மைக்காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்திருக்கிறது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹேண்ட்-2 என்னும் மரபணுவின் கதை. மாதத்தின் முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் கருப்பையின் மேற்பரப்புச் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். அப்படிப் பெருகிக்கொண்டிருக்கும் பரப்பில் கரு ஒட்ட முடியாது. பெருக்கம் முதலில் நிற்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் வந்ததும், அடியில் இருக்கும் ஸ்ட்ரோமா செல்களில் ஹேண்ட்-2 விழித்துக்கொள்கிறது. அது, மேற்பரப்பைப் பெருகச் சொல்லித் தூண்டும் எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிகளின் உற்பத்தியை அடக்குகிறது. கீழிருந்து தூண்டுதல் நின்றதும் மேற்பரப்பு அடங்கி, கருவை ஏற்கும் பக்குவத்துக்கு வருகிறது. சுண்டெலிகளின் கருப்பையில் ஹேண்ட்-2 மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, மேற்பரப்பு பெருகிக்கொண்டே இருந்ததையும் கரு பதியாமல் போனதையும் 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே 1992இல், லிஃப் என்னும் புரதத்தைச் சுரக்க முடியாத பெண் சுண்டெலிகளில் கருக்கோளங்கள் நலமாக உருவாகியும் பதியாமல் மிதந்துகொண்டிருந்ததும், அதே கருக்கோளங்களை எடுத்து இயல்பான எலியின் கருப்பையில் வைத்தபோது அவை பதிந்து வளர்ந்ததும் தெரியவந்திருந்தது. என் பாடத்தில் வெறும் சுவராக நின்ற கருப்பை இங்கே பேசுகிறது, கேட்கிறது, அடக்குகிறது, அனுமதிக்கிறது.

டெசிடுவா செல்கள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனையும் ஏராளமாகச் சுரக்கின்றன. பால் சுரப்பதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி உண்டாக்கும் அதே புரோலாக்டின்தான், மரபணுவும் ஒன்றேதான். ஆனால் பிட்யூட்டரி அந்த மரபணுவைத் தெருவாசல் வழியாகத் திறந்து படிக்கிறது என்றால், டெசிடுவா செல் அதற்குச் சுமார் 6,000 டிஎன்ஏ எழுத்துகள் முன்னே இருக்கும் வேறொரு வாசல் வழியாகப் படிக்கத் தொடங்குகிறது. அந்த இரண்டாம் வாசல் வந்த வழி வியப்பானது. மரபணுத் தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு என்பதை மக்காச்சோளத்தில் கண்டறிந்து பார்பரா மெக்ளின்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றார். மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதி, அத்தகைய தாவும் துண்டுகளிலிருந்து வந்தது. அவ்வாறு பன்னெடுங்காலத்துக்கு முன் நம் மூதாதை ஒன்றின் டிஎன்ஏவில் வந்து விழுந்த ஒரு துண்டுதான் இன்று கருப்பையில் புரோலாக்டினைத் திறந்துவிடும் வாசலாக இருக்கிறது. குப்பை என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட பகுதி இது. இதே வகையைச் சேர்ந்த வேறு துண்டுகள் டெசிடுவா செல்களின் பல மரபணுக்களுக்கு அருகே சிதறிக் கிடக்கின்றன என்றும், பாலூட்டிகளில் கர்ப்பம் என்னும் ஏற்பாடு உருவானதில் அவற்றுக்குப் பங்குண்டு என்றும் 2011இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது.

அடைப்பதும் வேலைதான். கருவில் பாதி தந்தையுடையது. தாயின் நோயெதிர்ப்பு அமைப்புக்கு அது அந்நியம். வேறிடத்தில் அந்நியத் திசு வந்தால் அங்குள்ள செல்கள் கெமோகைன் என்னும் அழைப்புப் புரதங்களைச் சுரந்து, அந்நியத்தைத் தாக்கும் டி-செல்களை வரவழைக்கும். சுண்டெலிகளின் டெசிடுவா செல்களில் இந்த அழைப்புப் புரதங்களுக்குரிய மரபணுக்கள்மேல் மெத்தைல் குறிகள் ஏறி அவை மூடப்பட்டிருப்பதை நியூயார்க்கில் ஒரு குழு 2012இல் கண்டது. தாக்கும் செல்கள் தாயின் இரத்தத்தில் இருக்கின்றன; ஆனால் கருவின் பக்கம் அவற்றை அழைப்பவர் யாரும் இல்லை. நாங்கள் பாடத்தில் "தாயின் உடல் கருவைச் சகித்துக்கொள்கிறது" என்று எழுதவைப்போம். சகிப்பு என்னும் சொல் எவ்வளவு போதாது என்பது இப்போது புரிகிறது.

இத்தனையும் காலத்தோடு நடக்க வேண்டும். கரு பதிவதற்கு உகந்த காலம் மாதத்தில் சில நாட்களே. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் உடன்பணியாற்றியோரும் பெண்களின் அன்றாடச் சிறுநீர் மாதிரிகளைக் கொண்டு செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரங்களுக்குமேல் நிலைத்த கர்ப்பங்களில் 84 சதவீதம் அண்டம் வெளியேறிய 8, 9 அல்லது 10ஆம் நாளில் பதிந்தவை. 9ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம் தொடக்கத்திலேயே கலைந்தன. 11ஆம் நாள் பதிந்தவற்றில் 52 சதவீதம். அதற்கும் பிந்தியவற்றில் 82 சதவீதம். கணக்குச் சொன்னபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன்பே, வீட்டில் யாருக்கும் சந்தேகம்கூட வருவதற்கு முன்பே, பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

இங்கே நான் அவளிடம் மறைக்காமல் சொன்ன இன்னொன்று உண்டு. தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதியில் குரோமோசோம் எண்ணிக்கையே பிழையாக இருக்கிறது. அண்டம் உருவாகும்போதோ முதல் பிளவுகளின்போதோ நேரும் பிழை அது. உணவாலும் படியேறுவதாலும் வருவது அன்று. டெசிடுவா செல்கள் வரும் கருவின் தரத்தை உணர்ந்து தங்கள் மரபணுச் செயல்பாட்டை மாற்றிக்கொள்கின்றன என்று காட்டும் ஆய்வுகளும் உள்ளன. சில பெண்களிடம் இந்த உணர்திறன் தளர்ந்து, பதியக்கூடாத கருவும் பதிந்து பின்னர் கலைகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. ஆகவே "வீக்" என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வெவ்வேறு நிலைமைகள் அடைபட்டிருக்கின்றன. அவற்றில் எது என்று பார்க்காமல் அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் முறை கரு கலைந்தபோது அவளுக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தந்திருந்தார்கள். கரு நிற்பதற்கு என்று நம் ஊரில் மிகப் பரவலாகத் தரப்படுவது அது. பிரிட்டனில் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தப்போக்கு கண்ட 4,153 பெண்களிடம் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும் வெற்று மருந்து பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அந்த வேறுபாடு உறுதியானதாகக் கொள்ளத்தக்க அளவில் இல்லை. ஆனால் முன்பே மூன்றோ அதற்கு மேலோ கருக்கலைவு கண்டவர்களை மட்டும் தனியே பார்த்தபோது அது 72க்கு 57 என்று இருந்தது. தண்ணீர் எல்லாருக்கும் ஓடுகிறது. யாருக்குத் தண்ணீரே குறைவு, யாருக்கு மடை திறக்கவில்லை என்பதுதான் கேள்வி என்று நான் அவளுக்குச் சொன்னேன். அவள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று என்றாள். இப்போது வேறொரு மருத்துவரிடம் பார்க்கிறாள். அவர் உட்கார வைத்துப் பேசுகிறார்.

இந்த ஆயத்தத்தின் விளைவு முதல் மூன்று மாதங்களோடு நின்றுவிடுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியோடு வெளிவரும் படலத்திலிருந்து டெசிடுவாச் செல்களைப் பிரித்தெடுத்து, எந்தெந்த இடங்கள் திறக்கின்றன என்று சிகாகோ ஆய்வாளர்கள் ஒரு வரைபடமே தயாரித்து 2020இல் வெளியிட்டார்கள். கர்ப்பம் எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதோடு தொடர்புடையவையாக அறியப்பட்ட டிஎன்ஏ வேறுபாடுகள் சில, மரபணுக்களின் உள்ளே இல்லாமல் இந்தத் திறக்கும் இடங்களில் இருந்தன. அவற்றில் ஒன்று, நேர்கோட்டில் பார்த்தால் வெகு தொலைவில் இருந்தும், டிஎன்ஏ மடிந்து வளைவதால் ஒரு மரபணுவின் வாசலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த மரபணு ஹேண்ட்-2. மேற்பரப்பை அடக்கிக் கருவுக்கு இடம் தருவதில் பங்கெடுத்த அதே மரபணு, குழந்தை எப்போது பிறக்கும் என்பதிலும் பங்கெடுப்பதாகத் தெரிகிறது. இந்தியாவில் 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையாமல் பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆகவே இந்த வரைபடங்கள் நமக்கு எட்டாத தூரத்து விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் பெண்களின் செல்களிலும் இத்தகைய வரைபடங்கள் வரையப்பட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாமியார் அன்று அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்ப பப்பாளி இல்லையாம்மா?" என்று என்னிடம் கேட்டார். காயில் உள்ள பால் எலியின் கருப்பைத் தசையைச் சுருங்கவைத்ததாகவும், பழம் கொடுத்த எலிகளின் கர்ப்பத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை என்றும் 2002இல் ஓர் ஆய்வு வந்தது என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் நின்றார். "எங்க காலத்துல எனக்கும் ஒண்ணு தங்கல. நான் எள்ளுருண்டை தின்னதாலன்னு சொன்னாக" என்றார். தங்கைக்கு அது அதுவரை தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுகளாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை தங்கை அந்த ஸ்லைடுகளைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தாள். ஆய்வகத்தில் யாரும் இல்லை. முதல் ஸ்லைடை வைத்தேன், பார்த்தாள். இரண்டாவதை வைத்துச் சுருள் தமனியின் ஓரத்தைப் பார்வைக்குள் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் முள்ளை ஒரு செல்லின்மேல் நிறுத்தினேன். "இதுவா? இந்தக் குண்டா இருக்கிறதா?" என்றாள். ஆமாம் என்றேன். "இது எனக்கும் மாசாமாசம் நடக்குதாக்கா?" நடக்கிறது என்றேன். கண்ணை எடுக்காமலே திருகைத் தானே பிடித்து, அடுத்த தமனி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.